துணி வெட்டும் சக்கரம்

பெரிய காஞ்சிபுரத்தையொட்டிய பிள்ளையார்பாளையத் தெருக்களில் ஒரு காலை வேளையில் நடந்து பாருங்கள். தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டிய பாவு வெயிலில் மின்னும். வீடுகளுக்குள்ளிருந்து தறியின் ஓசை கேட்கும். பட்டு, சரிகை, நாடா, பண்ணை, கட்டை என்று நெசவுக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் கண்ணில் படும். ஆனால் இவ்வளவு துணி பிறக்கும் இடத்தில் ஒரு கருவி மட்டும் ஓரமாகவே இருக்கும். அதுதான் கத்தரிக்கோல்.

இதற்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்து நெசவு, வெட்டாமல் சேர்க்கும் கலை. புடவையின் உடல் அரக்கு, கரை பச்சை என்றால், இரண்டு துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைப்பதில்லை. இரு கரைகளுக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்களை ஓட்டி, நிறமும் நிறமும் சந்திக்கும் இடத்தில் ஊடை இழைகளைக் கோத்து நெய்கிறார்கள். இதையே கோர்வை என்கிறோம். முந்தி வேறு நிறத்தில் வேண்டுமானால், உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளை இழைக்கு இழை கையால் இணைத்து நெய்கிறார்கள். எனவே காஞ்சிப் புடவை பல நிறத் துண்டுகளைச் சேர்த்தது போலத் தோன்றினாலும், அதில் ஒரு தையலும் இல்லை.

உலகின் வேறு பல பகுதிகளில் நிறங்களைச் சேர்ப்பதற்கு நேர்மாறான வழி பிறந்தது. துணியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டு. அவற்றைக் கோலம் போல் அடுக்கித் தை. அடியில் பஞ்சும் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையலோட்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு ‘குவில்ட்’ என்று பெயர். நம் நாட்டில் வங்காளத்தின் காந்தா, வடநாட்டின் ரஜாய், கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி ஆகியவை இதன் உறவினர்கள். தமிழ்நாட்டிலும் துண்டுத் துணிக் கலை இல்லாமற் போகவில்லை. ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரப் பெருவிழாவில் தேரைப் பார்த்திருப்பீர்கள். தேரைச் சுற்றி உருளை வடிவில் தொங்கும் தொம்பைகள், வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி மற்றொரு துணியின் மேல் வைத்துத் தைத்தவையே.

இன்று காஞ்சிப் பட்டும் வெட்டுப்படும் காலம் வந்துவிட்டது. மடிப்பில் இற்றுப்போன பாட்டியின் கல்யாணப் புடவையை முன்பெல்லாம் சரிகைக்காக விற்றுவிடுவார்கள். வாங்கியவர் அதை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார். இப்போதோ, நல்ல பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்துப் போர்வையாகவும், பையாகவும், தலையணை உறையாகவும் தைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய மேசையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு புதிய கருவியைக் காணலாம். பிடியின் முனையில் வட்டமான சிறு தகடு. அதை உருட்டினால் துணி வெட்டுப்படுகிறது. கடைக்காரர்கள் இதை ‘ரோட்டரி கட்டர்’ என்பார்கள். நாம் சுழல்கத்தி என்போம்.

பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள் போன்றது. ஆனால் அதன் விளிம்பு சவரத் தகட்டுக்குச் சளைத்ததல்ல. இழை ஒன்று அறுந்தாலும் விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பவர் நெசவாளர். அந்த விரல் நுனி அவருடைய பிழைப்பு. ஆகவே எந்தக் கத்தியை எடுப்பது என்பது பொழுதுபோக்குக் கேள்வி அன்று. இதற்கு விடை காண, துணி வெட்டும் கருவிகளின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

கத்தரிக்கோலும் கட்டைவிரலும்

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேற்கு ஆசியாவில் கத்தரி இருந்தது. அது இன்றைய கத்தரியைப் போன்றதன்று. ஒரே உலோகப் பட்டையை நடுவில் வளைத்து, இரு முனைகளையும் கத்தியாக்கியிருந்தார்கள். அழுத்தினால் வெட்டும், விட்டால் வளைவு வில்லைப் போல் விரிந்து தானே திறந்துகொள்ளும். தையற்காரர் நூல் வெட்ட வைத்திருக்கும் சிறு கருவியில் அதே வடிவத்தை இன்றும் காணலாம். நடுவில் ஆணி வைத்து இரு அலகுகளையும் குறுக்காகப் பூட்டிய கத்தரியை உரோமானியர் ஏறத்தாழ முதல் நூற்றாண்டில் பயன்படுத்தினர்.

கத்தரியின் உயிர் அதன் எஃகில் இருக்கிறது. இங்கே தமிழர் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், சங்க காலத்திலேயே அங்கு இரும்பும் எஃகும் செய்யும் உலைகள் இருந்ததைக் காட்டின. மூடிய மண்குகையில் இரும்பையும் கரியையும் இட்டு உருக்கிச் செய்யும் தென்னிந்திய எஃகை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்தனர். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இந்த எஃகைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியின் முன் ஆய்வுரை வழங்கினார். பின்னாளில் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் பாரடே, 1819-இல் இதை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். அவருடன் உழைத்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் ஒரு கத்தி செய்பவர். நல்ல கூர்மைக்கு நம் எஃகையே நாடியவர்.

இதற்கிடையில் இங்கிலாந்தின் ஷெபீல்டு வட்டாரத்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740-களில் குகையில் எஃகு உருக்கும் முறையைத் தாமாகவே கண்டறிந்தார். 1761-இல் ராபர்ட் ஹிஞ்ச்கிளிப் அந்த எஃகில் கத்தரிக்கோல் செய்தார். அதன் பிறகு கத்தரிக்கோல், செல்வர் வீட்டுப் பொருளாக மட்டும் இல்லாமல் எளிய தையற்காரரின் கைக்கும் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் கத்தரிக்கோலுக்குப் பெயர் பெற்ற ஊர் மீரட். மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொழில் அது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. பழைய வண்டிகளின் எஃகுத் துண்டுகளே அங்கு அலகுகளாக மாறுகின்றன. தாத்தா வாங்கினால் பேரன் பயன்படுத்துவான் என்று அந்தக் கத்தரிகளைப் பற்றிச் சொல்வார்கள். மழுங்கினால் சாணை பிடித்தால் போதும்.

ஆனால் ஒரு வயதான தையற்காரரின் வலக்கையைப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். கத்தரியின் கூர்மையைப் பற்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சிந்தித்த மனிதன், அதன் பிடியைப் பற்றிச் சிந்தித்தது மிகப் பிற்காலத்தில்தான். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், உட்கார்ந்தே வேலை செய்யும் தையற்காரருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் வரும் முதுகு வளைவையும் வலியையும் எழுதி வைத்தார். 1857-இல் போலந்து நாட்டு அறிஞர் வோய்ச்செக் யஸ்த்ரெம்போவ்ஸ்கி, வேலையைப் பற்றிய அறிவியலுக்கு ‘எர்கானமிக்ஸ்’ என்று பெயரிட்டார். கருவிக்கேற்ப உடலை வளைக்காமல், உடலுக்கேற்பக் கருவியை அமைப்பதே இதன் சாரம் எனலாம்.

கத்தரிக்கோலில் இந்த எண்ணம் பெருவெற்றி கண்டது 1967-இல். பின்லாந்தின் பிஸ்கார்ஸ் நிறுவனம், விரல்களின் வடிவத்துக்கேற்ப வார்த்த பிளாஸ்டிக் பிடியுடன் எடை குறைந்த கத்தரியை அந்த ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழச்சாறு பிழியும் கருவி செய்தபோது மிஞ்சிய ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக்கில் மாதிரியை வார்த்தார்களாம். அந்த நிறமே அதன் அடையாளமாக நிலைத்துவிட்டது. காயாத கட்டைவிரலும் ஓர் அறிவியல் முன்னேற்றமே அல்லவா?

ஆலையில் வந்த கத்தியும் வேலியும்

கத்தரியால் ஒரு நேரத்தில் சில மடிப்புத் துணியையே வெட்ட முடியும். தையல் இயந்திரம் பரவியதும், தைப்பவரின் வேகத்துக்கு வெட்டுபவர் ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். 1850-களின் இறுதியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆடைத் தொழிலதிபர் ஜான் பாரன், மரத்தகடு அறுக்கும் பட்டை வாளைத் துணி வெட்டப் பயன்படுத்தினார். பல அடுக்குத் துணி ஒரே முறையில் வெட்டுப்பட்டது. 1888-இல் அமெரிக்காவின் பபலோ நகரில் தோன்றிய ஈஸ்ட்மன் நிறுவனம், மின்சாரத்தால் ஓடும் துணி வெட்டும் கத்திகளைச் செய்யத் தொடங்கியது. மோட்டாரால் சுழலும் வட்டக் கத்திகளும் ஆடை ஆலைகளில் இடம்பிடித்தன.

வேகம் வந்தது, விரல்களுக்கு ஆபத்தும் வந்தது. ஆகவே சட்டமும் பின்னால் வந்தது. இந்தியாவில் 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேலி அமைக்க வேண்டும் என்றது. தொழிலாளி கவனமாக இருந்தால் போதும் என்று அது விட்டுவிடவில்லை. கவனம் தவறும் நொடியிலும் கை கத்தியைத் தொடாதபடி இயந்திரமே அமைந்திருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துத் துணி வெட்டும்போது எந்தத் தொழிற்சாலை ஆய்வாளரும் வந்து பார்ப்பதில்லை. அங்கே ஆய்வாளரும் நாமே, தொழிலாளியும் நாமே.

சாக்லேட்டிலிருந்து சக்கரத்துக்கு

சுழல்கத்தியின் கதை ஜப்பானின் ஒசாகா நகரில் தொடங்குகிறது. யோஷியோ ஒகாடா என்பவர் அச்சகத் தொழிலில் இருந்தார். காகிதம் வெட்டும் தகடுகள் விரைவில் மழுங்கிவிடும். ஆனால் மழுங்குவது முனை மட்டுமே. மீதித் தகடு புதிதாகவே இருக்கும். அத்தனையையும் தூக்கி எறிவது அவர் மனத்தை உறுத்தியது. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடியை உடைத்து, அந்தப் புதிய விளிம்பால் தோலைச் சுரண்டுவது அவர் நினைவுக்கு வந்தது. போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டுவந்த, கோடு கோடாக ஒடிக்கத்தக்க சாக்லேட் கட்டியும் நினைவுக்கு வந்தது. 1956-இல் இரண்டையும் இணைத்தார்: சாக்லேட் போல் ஒடித்தால் கண்ணாடி போல் புதிய விளிம்பு தரும் கத்தி பிறந்தது. இன்று எழுதுபொருள் கடைகளிலெல்லாம் தொங்கும் ‘கட்டர்’ இதன் வழித்தோன்றலே. ஒகாடாவின் நிறுவனத்துக்கு அமைந்த ‘ஓல்பா’ என்னும் பெயர், ஜப்பானிய மொழியில் ‘ஒடிக்கும் அலகு’ என்ற பொருள்தரும் சொற்களிலிருந்து வந்தது.

அதே நிறுவனம் 1979-இல் கையால் உருட்டும் சுழல்கத்தியை வெளியிட்டது. உருளும் கத்தி என்பது முற்றிலும் புதிய எண்ணம் அன்று. மாவை வெட்டும் சிறு சக்கரம் 1570-இல் அச்சான பார்த்தலோமியோ ஸ்காப்பியின் இத்தாலியச் சமையல் நூலிலேயே படமாக இருக்கிறது. ஆனால் சவரத் தகட்டின் கூர்மையும் மாற்றத்தக்க அலகும் விரல் காக்கும் மூடியும் ஒரே கையடக்கக் கருவியில் சேர்ந்தது அப்போதுதான்.

அது வந்த நேரமும் நல்ல நேரம். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி நடத்தியது. 1976-இல் வந்த அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டும் பாட்டிமார் கலைக்குப் புத்துயிர் ஊட்டியது. அதுவரை குவில்ட் தைத்தவர்கள் அட்டையில் வடிவம் வெட்டி, துணியில் வைத்துப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு துண்டாகக் கத்தரித்து வந்தனர்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 சதுரத் துண்டுகள் தேவை. ஒவ்வொன்றாகக் கத்தரித்தால் 4 பக்கம் வீதம் 1,600 வெட்டுகள். துணியை நான்காக மடித்து, ஓர் அடுக்குக்கு நீளத்தில் 10, அகலத்தில் 10 என 100 சதுரங்கள் வருமாறு சுழல்கத்தியை அளவுகோலோரம் உருட்டினால், 11 நெடுங்கோடுகளும் 11 குறுக்குக் கோடுகளுமாக 22 ஓட்டங்களில் வேலை முடியும்! இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் துணி நகரும், இன்னும் சில ஓட்டங்கள் கூடும். ஆயினும் குவில்ட் தைப்பவர்கள் இக்கருவியை ஏன் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்பது இப்போது விளங்கும்.

சக்கரம் எப்படி வெட்டுகிறது?

கத்தரிக்கோல் இரண்டு அலகுகளுக்கிடையே துணியைக் கத்தரிக்கிறது. அப்போது கீழ் அலகு துணியைச் சற்றுத் தூக்கியே ஆக வேண்டும். பருத்தி பொறுத்துக்கொள்ளும். வழுக்கும் பட்டு, தூக்கியவுடன் நழுவும், அடுக்குகள் விலகும், கோடு கோணலாகும்.

சுழல்கத்தியில் துணி தூக்கப்படுவதே இல்லை. மேலே உருளும் விளிம்பு, கீழே வெட்டுப்பாய். கையின் விசை முழுவதும் மயிரிழை போன்ற விளிம்பின் சிறு பகுதியில் குவிகிறது. விசை அதே அளவு. பரப்போ மிகச் சிறிது. ஆகவே அழுத்தம் மிகப் பெரிது. இழைகள் விளிம்புக்கும் பாய்க்கும் நடுவே அகப்பட்டு அறுகின்றன. வெட்டுப்பாய் என்பது மென்மையான பிளாஸ்டிக் தகடு. விளிம்பு அதில் சற்றே பதிந்து செல்லும். சென்றபின் பிளவு தானே மூடிக்கொள்ளும். கண்ணாடி மீதோ, சிமெண்டுத் தரை மீதோ உருட்டினால் விளிம்பு உடனே கெடும்; மரப்பலகை மீது உருட்டினால் பலகையில் கோடு விழும், அடுத்த வெட்டு அந்தக் கோட்டுக்கே இழுபடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வெட்டிய கோட்டில் ஒரே சீரான இடைவெளியில் ஓரிரு இழை அறாமல் நிற்கிறதா? அளந்து பாருங்கள். 45 மி.மீ. விட்டமுள்ள அலகாயின் இடைவெளி ஏறத்தாழ 141 மி.மீ. இருக்கும். ஏன்? விட்டத்தைப் 3.14-ஆல் பெருக்கினால் வரும் சுற்றளவு அது. அலகில் ஓரிடத்தில் விளிம்பு உடைந்திருக்கிறது; சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை அந்த இடத்தில் துணியைத் தொடும்போது இழை தப்பிவிடுகிறது. துணியில் குத்தியிருந்த குண்டூசியின் மேல் ஒருமுறை ஏறினாலே இந்த நிலை வந்துவிடும். பள்ளியில் படித்த வட்டத்தின் சுற்றளவு, கத்தியின் நோயைச் சொல்லும் நாடியாகப் பயன்படுகிறது பாருங்கள்!

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் பார்க்க வேண்டியது அலகின் விட்டம். பொதுவாக 18, 28, 45, 60 மி.மீ. அளவுகளில் கிடைக்கின்றன. தேர்ச்சக்கரம் ஏன் அவ்வளவு பெரிது? பெரிய சக்கரம் கல்லின் மேலும் மேட்டின் மேலும் எளிதாக ஏறும். சிறிய சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். சுழல்கத்திக்கும் இதே விதிதான். பல மடிப்புகளையும் தடித்த துணியையும் வெட்ட 60 மி.மீ. ஏற்றது. சிறு வளைவுகளில் திரும்ப 18, 28 மி.மீ. உதவும். முதன்முறை வாங்குபவர்க்கு 45 மி.மீ. போதும், நேர்கோட்டுக்கும் பெருவளைவுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, மூடி. இதுவே முட்டுக்கட்டை. தேரை இழுக்க ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர் இல்லாமல் தேரை நகர்த்தமாட்டார்கள் அல்லவா? சுழல்கத்தியின் மூடி மூன்று வகைப்படும். கட்டைவிரலால் தள்ளித் திறந்து தள்ளி மூடுவது ஒன்று. பிடியிலுள்ள பொத்தானை அழுத்தித் திறப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் மூடுவது நம் நினைவைப் பொறுத்தது. மூன்றாவது வகையில், பிடியை இறுக்கினால்தான் அலகு வெளிவரும். விட்டால் தானே உள்ளே ஒளிந்துகொள்ளும். கை நழுவி விழுந்தாலும் மூடியபடியே விழும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கும், மறதி உள்ளவர்க்கும் இது நல்லது. பூட்டும் வசதியும் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் மூன்றாவது, பிடி. தானே மூடும் கத்தியை வெட்டும் நேரமெல்லாம் இறுக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்க்கு இது துன்பம். அவர்களுக்குத் தடித்த, மெத்தென்ற பிடியுள்ள பொத்தான் வகையே ஏற்றது. அதற்கு விலையாக, ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் மூடும் பழக்கத்தைக் கற்றாக வேண்டும். கடையில் கத்தியைக் கையில் எடுத்து, மூடியபடியே மேசை மேல் உருட்டுவது போல் வைத்துப் பாருங்கள். முன்கையும் மணிக்கட்டும் ஒரே நேராக இருக்கின்றனவா? மணிக்கட்டு மடிந்தால், விரல்களை இயக்கும் தசைநாண்கள் நெருக்குண்டு உரசும். நாளடைவில் விரல் மரத்துப்போதலும் வலியும் வரும். ஆட்காட்டி விரல் வசதியாக அமர ஓர் இடம் பிடியின் மேல் இருந்தால், கத்தி பக்கவாட்டில் சாயாது.

நான்காவது, இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அலகை மறுபக்கம் மாற்றிப் பொருத்த முடியுமா என்று கேட்க வேண்டும். அலகு எப்போதும் அளவுகோலை ஒட்டிய பக்கத்தில் இருக்க வேண்டும். சிலவற்றில் மாற்ற முடியும், சிலவற்றில் முடியாது.

ஐந்தாவது, மாற்று அலகு. மீரட் கத்தரி பேரன் காலம் வரை வரும். சுழல்கத்தியின் அலகு அப்படியன்று. மழுங்கினால் மாற்றியே ஆக வேண்டும். கருவியின் விலையை மட்டும் பாராமல், அதற்குரிய அலகு உங்கள் ஊரில் கிடைக்குமா, என்ன விலை என்பதையும் விசாரித்து வாங்குங்கள். மழுங்கிய அலகு ஆபத்தற்றது என்று எண்ணுவது பெருந்தவறு. வெட்டாத கத்தியை நாம் இரு மடங்கு அழுத்துவோம்; அழுத்திய கை வழுக்கினால் அந்த விசை முழுவதும் விரலின் மேல் இறங்கும். கூர்மையே பாதுகாப்பு என்பது கேட்க வியப்பாக இருக்கும். ஆயினும் கத்தி பிடிப்பவர் எல்லாரும் அறிந்த உண்மை அது.

விரல் காக்கும் பழக்கங்கள்

சுழல்கத்தியால் அடிபடுவது பெரும்பாலும் கத்தி பிடித்த கை அன்று. அளவுகோலை அழுத்திப் பிடித்த மறு கை. ஆட்காட்டி விரலோ கட்டைவிரலோ அளவுகோலின் ஓரத்தைத் தாண்டி ஒரு நெல் அளவு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். ஆகவே வெட்டுமுன் ஒருமுறை விரல்களை எண்ணுவது போல் பாருங்கள். நீளமான கோடாயின் பாதியில் நிறுத்தி, கத்தியை மூடி, மறு கையை மேலே நகர்த்தி வைத்துப் பின் தொடருங்கள். அளவுகோல் தடித்ததாக இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளின் மெல்லிய அளவுகோலின் மேல் அலகு எளிதில் ஏறிவிடும்.

கத்தியை உடலை விட்டு வெளிப்புறமாக உருட்டுங்கள். உடலுக்குக் குறுக்கே வெட்ட நேர்ந்தால், கையைத் திருப்பாமல் துணியையோ பாயையோ திருப்புங்கள். தரையில் குனிந்து வெட்டுவதை விட, இடுப்பளவு உயரமுள்ள மேசையருகே நின்று வெட்டுவது நல்லது. அப்போது தோளின் எடை துணை செய்யும், விரல்கள் பிடியை இறுக்க வேண்டியதில்லை. கழற்றிய பழைய அலகைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். குப்பையில் கைவிடுபவரும் ஒரு மனிதரே. மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து, ஒட்டி, மேலே எழுதி அப்புறப்படுத்துங்கள்.

பழைய காஞ்சிப் பட்டை வெட்டுபவர்க்குத் தனியே ஒரு சொல். சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய உலோக இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. உலோகத்தின் மேல் ஓடும் அலகு, வெறும் பட்டில் ஓடும் அலகை விட விரைவில் மழுங்கும். சரிகைக் கரையும் உடலும் சேரும் இடத்தில் துணியின் தடிப்பும் மாறும். அந்தப் படியில் இழைகள் தப்பும். அங்கே விசையைக் கூட்டி ஒரே மூச்சில் வெட்ட முயலாமல், கரையைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் வெட்டுவதே அறிவுடைமை. மடிப்பு நீக்கி இஸ்திரி போட்ட பிறகு, அடுக்குகளைக் குறைத்து வெட்டுங்கள். பெரிய கத்தரிப்புக்குச் சக்கரமும், மூலை முடுக்குக்குக் கத்தரிக்கோலும் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

எல்லாம் செய்தும் விரலில் வெட்டு விழுந்துவிட்டால், ஓடும் நீரில் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டாலும், நுனி மரத்துப்போனாலும், அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலும் மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். தசைநாணோ நரம்போ அறுந்திருந்தால், காலந்தாழ்த்துவது விரலின் இயக்கத்தையே பறிக்கலாம்.

மீண்டும் தேரடியில்

மூவாயிரம் ஆண்டுகளாக மனிதன் துணி வெட்டும் விளிம்பைக் கூர்மையாக்கி வந்தான். அந்த விளிம்பிலிருந்து தன் விரலைக் காக்கக் கற்றது அண்மைக் காலத்தில்தான். ஆலைக் கத்திக்குச் சட்டம் வேலி போட்டது. வீட்டுக் கத்திக்கு வேலி போடுவது அதைத் தேர்ந்தெடுப்பவரின் பொறுப்பு.

அடுத்த பங்குனியில் பெரிய காஞ்சிபுரத்துத் தேரைப் பார்க்கும்போது சற்று நின்று கவனியுங்கள். மேலே துண்டுத் துணிகளால் ஆன தொம்பைகள் காற்றில் ஆடும். கீழே சக்கரம் உருளும். எல்லார் கண்ணும் அலங்காரத்தில் இருக்க, சக்கரத்தருகே முட்டுக்கட்டை ஏந்தியவர் ஒருவர் மட்டும் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அவர் இருப்பதால்தான் தேர் நிலைக்கு வந்து சேர்கிறது. உங்கள் கையில் உருளும் சிறு சக்கரத்துக்கும் அப்படி ஒரு முட்டுக்கட்டை வேண்டும். அது உங்கள் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி.